பின்விளக்கு

“வண்டி ஓட வேணாம் தம்பி. பின்னாடி லைட்டு எரிஞ்சுதா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

மெக்கானிக் கலைவாணன் நிமிர்ந்து பார்த்தான். ஜெயங்கொண்டம் சாலையில் பட்டறை போட்ட நாளிலிருந்து இப்படி ஒரு வேலை வந்ததில்லை. குட்டியானை வேனில் இருந்து இறக்கிய பைக், பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற பெரியவரின் முகத்தில் மழிக்காத நரைத்த தாடி.

“லாரியாங்கய்யா?”

“ஆமா. சுண்ணாம்புக்கல் லாரி. பின்னால வந்து இடிச்சிருச்சு. பையன் அந்த எடத்துலயே போயிட்டான்.”

“என்ன வயசுங்க?”

“இருவத்தாறு. லைட்டு இல்லாம வந்தான், அதான் கண்ணுக்குத் தெரியலன்னு கேஸ முடிச்சுட்டாங்க. எரிஞ்சிருந்தா அவன் மேல தப்பில்லதானே?”

“இல்லைங்கய்யா.”

கலைவாணனும் அண்ணனை விபத்தில் பறிகொடுத்தவன்தான். யார் மேல் தப்பு என்ற கேள்வி வீட்டுக்குள் புகுந்துவிட்டால் யாருக்கும் சோறு இறங்காது என்பது அவனுக்குத் தெரியும்.

வேறு பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினான். ஹாரன் அடித்தது. முன்னால் இண்டிகேட்டர் மின்னியது. உடைந்த பின்விளக்குக்குப் பதிலாகப் புது பல்பு ஒன்றை மாட்டினான். எரியவில்லை. சீட்டைக் கழற்றி, டெஸ்ட் பல்பை வைத்து ஒயரைத் தொட்டுக்கொண்டே போனான். சீட்டுக்கு அடியில், டேப் சுற்றிய ஓர் இணைப்பில் கரண்ட் நின்றுபோனது.

டேப்பைப் பிரித்தான். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இடித்ததில் அறுந்த ஒயர் அல்ல இது. மழைத்தண்ணீர் இறங்கி எப்போதோ செத்துப்போனது. அன்றைக்கு அந்த விளக்கு எரிந்திருக்க வழியே இல்லை.

“என்ன தம்பி?”

கலைவாணன் ஒயரை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

“லாரி இடிச்சதுலதான் அறுந்திருக்கு. அதுவரைக்கும் நல்லாத்தான் எரிஞ்சிருக்குங்கய்யா.”

“என் மனசுக்காகச் சொல்லலியே?”

“பொய் சொல்லி எனக்கென்ன ஆவப்போவுது? பையன் மேல ஒரு தப்பும் இல்ல. லாரிக்காரன்தான் கண்ண மூடிக்கிட்டு வந்திருக்கான். நிம்மதியாப் போங்க.”

பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுது தீர்த்துவிடுவார் என்று கலைவாணன் காத்திருந்தான். அவர் அழவில்லை. நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

“வூட்டுல அம்மாகிட்டயும் சொல்லுங்கய்யா. அவுங்களுக்கும் ஆறுதலா இருக்கும்.”

“இப்பவே வரதராஜன்பேட்டைக்குப் போறேன் தம்பி. அந்தப் பையனப் பெத்தவங்க கால்ல வுழுந்து சொல்லிடுறேன்” என்றபடி தூணைப் பிடித்து எழுந்தார். “வண்டிய காயலான் கடையிலேருந்து வாங்கிட்டு வந்தேன். அன்னைக்கு அந்த லாரிய ஓட்டுனது நான்தான்.”