ஐந்து நிமிட அமைதி

காதில் விழும் பாட்டு மூளைக்குள் மின்சார அலையாகிறது. அந்த அலையை ஒலிபெருக்கியில் விட்டால், அதே பாட்டு ஜலதோஷம் பிடித்த குரலில் திரும்பி வரும். இருபது வருடமாக இதுதான் என் ஆராய்ச்சி. உள்ளபடி சொன்னால், ஊரார் மண்டைக்குள் ஒட்டுக்கேட்பது.

தினமும் காலையில் கருவியைச் சரிபார்க்க, ஒலி புகாத அறையில் வாட்ச்மேனை உட்காரவைத்து, தலையில் கம்பிகளை ஒட்டி, ஐந்து நிமிட அமைதியைப் பதிவு செய்வோம். வெறும் இரைச்சல்தான் வர வேண்டும். என் மனைவி இறந்தபின் நான் வேலைக்குத் திரும்பிய அன்று, எனக்கு முன்பே டெக்னீஷியன் பெண் அதை முடித்திருந்தாள். போட்டுக் காட்டினாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் மெல்லப் பாடினாள். மூன்றாவது வரியில் சுருதி இறங்கியது. என் மனைவிக்கு அங்கேதான் இறங்கும்.

“உள்ளே ஏதாவது கேட்டுச்சாண்ணே?” என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

“கொட்டாவிதான் வந்துச்சு சார்.”

நானே உட்கார்ந்தேன். இரைச்சல். நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கிலும் இரைச்சல்.

கல்யாணமான புதிதில், பெரிய மேதாவி மாதிரி அந்த மூன்றாவது வரியைச் சுட்டிக்காட்டினேன். அதன்பின் என் காதுக்கு எட்டும் தூரத்தில் அவள் பாடியதேயில்லை.

“நீங்க வர்றதுக்கு முன்னாடி நல்லாத்தான் வந்துச்சு சார்,” என்றாள் டெக்னீஷியன். “கொஞ்சம் வெளியே நின்னு பாக்கறீங்களா?”

வாட்ச்மேன் மறுபடி உட்கார்ந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். பாட்டு வரவில்லை. படிக்கட்டில் இறங்கினேன். வரவில்லை. தெருவைக் கடந்து எதிர் நடைபாதைக்குப் போன பிறகு, டெக்னீஷியன் மாடி ஜன்னலுக்கு வந்து, வருகிறது என்று தலையாட்டினாள்.

ஐந்து நிமிடமும் அங்கேயே நின்றேன். பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.