இஞ்சி நுரை

“இன்னொரு தடவை ஊது.”

பஸ் ஓட்டுநர் மூச்சைப் பிடித்து ஊதினார். மது சோதனைக் கருவியில் மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. பணிமனை மேலாளர் அதை மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சத்தியமாச் சொல்றேன் சார், ஒரு சொட்டுக்கூடத் தொடலை. என் பொண்ணு பொறந்த அன்னிக்கே அந்தக் கருமத்தை விட்டுத் தொலைச்சிட்டேன்!”

“அப்ப மெஷின் பொய் சொல்லுதாக்கும்? முன்னாடி ஒரு தடவை மாட்டினப்ப நான்தான் மேலிடத்துல கெஞ்சிக் கூத்தாடி உன்னைக் காப்பாத்தினேன். இன்னிக்கு இதையும் மேலிடத்துல சொன்னா வேலை காலி. தெரியும்ல?”

தெரியாமலா? ஓட்டுநருக்கு வேர்த்துக் கொட்டியது. வெளியே அவருடைய பஸ்ஸில் வேறொருவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அட, இஞ்சித் தண்ணி சார்! என் சம்சாரம் வீட்டுல புளிக்க வெச்சுச் செய்யறா. அதைக் குடிச்சிட்டு வந்தேன். அதான் இது காட்டிக்கொடுக்குது!”

“இந்த மாதிரி கதையெல்லாம் நான் நெறையக் கேட்டாச்சுப்பா.”

“கதை இல்ல சார், அவளையே கேளுங்க.” போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். “ஏம்மா, அடுப்பு மேடையில இஞ்சிப் பாட்டில் வெச்சிருக்கேல்ல? நீ குளிக்கப் போனப்ப அதுலேர்ந்து ஒரு டம்ளர் ஊத்திக் குடிச்சேன். இங்க சிவப்பு காட்டுது. அதை எடுத்துக்கிட்டு உடனே ஓடி வா. வேலையே போகப் போகுது!”

எதிர்முனையில் “வரேன்” என்றாள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் மனைவி. துண்டில் சுற்றியிருந்த பாட்டிலை மேசையில் வைத்தாள்.

“என்னம்மா இது?” என்றார் மேலாளர்.

“இஞ்சியைத் துருவி, சர்க்கரையும் தண்ணியும் சேர்த்து ஜாடியில போட்டு வெக்கணும் சார். தினம் கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கிட்டே வந்தா நாலஞ்சு நாள்ல குமிழ் விடும். அதுல இருக்கறதெல்லாம் நல்ல கிருமி, வயித்துக்கு நல்லது. அதுல கொஞ்சம் வடிகட்டி எடுத்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரைத் தண்ணியும் கலந்து இறுக்கி மூடினா சோடா மாதிரி ஆயிடும்.”

“போதை ஏறுமா?”

“அதெல்லாம் ஏறாது. ஆனா ரொம்ப நாள் விட்டா லேசாச் சாராயம் ஊறும்.”

“இவருக்கு இதைத்தான் கொடுக்கறியா?”

“தினமும் இதுதான் சார். பழசு நேத்தோட தீர்ந்துடுச்சு. வீட்டுல இருந்தது இது ஒண்ணுதான்.”

மேலாளர் மூடியைத் திருகினார். டப்! மூடி கையை மீறித் தெறித்தது. நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்து அவர் சட்டையையும் நனைத்துவிட்டது.

“ஐயையோ, பார்த்து சார்! உள்ள காத்து அடைஞ்சிருக்கும். ஒரு தடவை வெளிய விட்டாத்தான் அடங்கும்.”

மிச்சமிருந்ததில் ஒரு மடக்குக் குடித்தார் மேலாளர். வாயைத் துடைத்த கையோடு கருவியை எடுத்து ஊதினார்.

சிவப்பு!

அவருக்கு முகமே மாறிவிட்டது. “அடக் கடவுளே! அநியாயமா ஒரு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தப் பார்த்தேனே! இன்னிக்கு வண்டி எடுக்க வேணாம், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. இனிமே இந்த வஸ்துவைக் குடிச்சிட்டு இந்தப் பக்கம் வராதே.”

ஓட்டுநர் கும்பிட்டபடியே வெளியே வந்தார். வாசல் தாண்டியதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நல்ல நேரத்துல வந்தே! என் தெய்வமே நீதான்!”

மனைவி நின்றுவிட்டாள். வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது அவளுக்கு. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

“மூடியே தொறக்காத பாட்டில்லேர்ந்து எப்படிங்க குடிச்சீங்க?”