வெந்நீர்ச் செம்பு

தமயந்தி முதன்முதலாக வாங்கிய கார் அது. கிழடாகிவிட்ட அந்தக் காரை அன்று காலை அவள் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினாள். காருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆயுத பூஜைகூட இல்லை. எம்மேல எவ்வளவு பாசம் பாருடா!" என்றது.

டிக்கிக்குள் கிடந்த ஸ்டெப்னி டயர் வேறொரு காரிலிருந்து வந்தது. அது மெதுவாக வாயைத் திறந்தது.

"அண்ணே, என் பழைய வண்டியையும் ஒருநாள் இப்படித்தான் தேய்ச்சுக் கழுவினாங்க. டாஷ்போர்டுப் பிள்ளையாரைப் பேத்து எடுத்தாங்க. சாயங்காலம் வேற ஆளு ஓட்டிட்டுப் போயிட்டான்."

"வாயைக் கழுவு! மேட்டுல நான் கொதிச்சு நின்னப்பெல்லாம் பச்சைத்தண்ணி ஊத்தி, 'ஆறிக்கோடா கண்ணு'ன்னு தட்டிக்கொடுத்தவடா அவ."

கதவு திறந்தது. தமயந்தியின் விரல்கள் டாஷ்போர்டுப் பிள்ளையாரைப் பிடித்து அசைத்துப் பார்த்தன. கார் பிள்ளையாரிடம், 'விட்டுடாதே சாமி, கெட்டியா ஒட்டிக்கோ' என்று கெஞ்சியது. பழைய பசை, பிள்ளையார் அசையவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

"பார்த்தியா, அவளுக்கு மனசு வரலை!" என்றது கார்.



"சூடா ரெண்டு சொட்டு விட்டா பசை இளகிடும்" என்று முணுமுணுத்தபடியே அவள் திரும்பி வந்தாள். இத்தனை வருஷமும் பச்சைத்தண்ணி கொண்டுவந்த அந்தக் கையில், ஆவி பறக்க வெந்நீர்ச் செம்பு இருந்தது.