மூடிய பட்டறைக்கு எதிரே

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் சாயங்கால வெயில் இன்னும் சுடுகிறது. எதிரே சாயப்பட்டறையின் இரும்புக் கதவில் அதிகாரிகள் வைத்த அரக்கு முத்திரை மின்னுகிறது. உள்ளே நூல் காயப்போடும் மூங்கில்கள் வெறுமையாக நிற்கின்றன. அவற்றில் காக்கைகள் உட்கார்ந்து கத்துகின்றன. பட்டறைக் கழிவு தெருக் கிணற்றைச் சிவப்பாக்கியபோது ஊரைத் திரட்டி வழக்குப் போட்டவள் சுபத்ரா. தீர்ப்பு வந்த அன்று அவளுக்கு மாலை போட்டார்கள். இப்போது கிணற்றில் சிவப்பு வெளிறி வருகிறது. பால் வாங்கிக்கொண்டு திரும்பியவள், மூட்டை முடிச்சோடு நிற்கும் முத்துத்தாயைப் பார்த்ததும் நின்றுவிடுகிறாள். அந்தப் பட்டறையில் நூலைச் சாயத்தில் முக்கியெடுத்த கைகள் அவளுடையவை. நகக்கண்களில் ஊதா இன்னும் போகவில்லை. "மொத்தமாவா போற?" என்று கேட்கிறாள் சுபத்ரா. "ஆமாக்கா. அவுக முன்னாடியே போயிட்டாக. பிள்ளைகள அம்மாகிட்ட விட்டுட்டேன்." முத்துத்தாயின் முகத்தில் கோபம் இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கிறது சுபத்ராவுக்கு. "அங்க என்ன வேல?" "இதே சாயவேலதான்க்கா. ஆத்தங்கரையிலயே பட்டறையாம்." புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்து நிற்கிறது. பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, பெரிய மூட்டையைச் சுபத்ராவே தூக்கிப் படியில் ஏற்றுகிறாள். முத்துத்தாய் ஜன்னலோரம் உட்கார்ந்து குனிந்து, ஆறுதல் சொல்வதைப்போலச் சொல்கிறாள்: "கவலப்படாதீகக்கா. அந்த ஊர்ல ஒங்கள மாதிரி யாரும் இல்லயாம்."