தொண்ணூற்றெட்டு அங்குல ஏக்கம்

தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு ஆசை கிடையாது என்பது கற்றறிந்தோரும் நம்பும் பெரும்பிழை. கடையிலேயே பெரிய டிவிக்கு ஓர் ஆசை இருந்தது. நாளெல்லாம் அருவியும் கிளியும் காட்டி அலுத்துப்போன அது, ஒரு வீட்டுக்குப் போய் ஒரே ஒரு சீரியலாவது ஓட்ட ஏங்கியது.

ஒருநாள், வீட்டுச் சுவரை அளந்த நூலோடு ஒரு பெண்மணி வந்தாள். நூல் பெரிய டிவியின் அகலத்துக்குக் கச்சிதமாக இருந்தது.

“அண்ணே, கல்யாணம் நிச்சயம்!” என்றது பக்கத்துச் சின்ன டிவி.

“சும்மா இருடா,” என்றது பெரியது. ஆனால் கிளி இன்னும் பச்சையானது.

“சுவர் சரிம்மா, மாடிப்படி வளைவுல இதை எப்படித் திருப்புறது?” என்றார் கூட வந்த கணவர்.

சின்னதைத்தான் வாங்கினார்கள்.

“வரேண்ணே,” என்றது அது, அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து.

“சீரியல்ல யாராவது அழுதா என்னை நினைச்சுக்கோ.”

மாலையில், பெரிய டிவியின் திரை மங்கலாக இருக்கிறதே என்று, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க விற்பனையாளர் ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார்.