சிவப்புக் கார்

“‘மாப்பிள்ளை குடிக்கிறவரோ?’ எண்டு கேட்டால் என்ன சொல்லவேணும், மாமா?”

“தொட்டும் பாக்கமாட்டார் எண்டு சொல்லு.”

“உண்மையா?”

“வெள்ளியும் சனியும் மட்டும். போத்திலிலை மிச்சம் இருந்தால் ஞாயிறும்.”

பத்து வயது யதுர்ஷா மடியிலிருந்த தலையணையை அணைத்தபடி தலையாட்டினாள். ஜெகதீஸ்வரன் அவளுக்குச் சொந்த மாமா அல்ல. வெஸ்ட்லி என்ற புறநகரில் அவள் வீடு இருக்கும் அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே தனியாக இருக்கும் பிரமச்சாரி. நாற்பதைத் தொடப்போகிறவன், மீசை மட்டும்தான் வளர்ந்திருந்தது.

இன்று ஏழு மணிக்குப் பேர்கன் நகரிலிருந்து பெண்ணின் தகப்பன் தில்லைநாதன் போனில் விசாரிக்கப்போகிறார். மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் நாலு வார்த்தை கேட்காமல் எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? எதையெதையோ விட்டுவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு ஓடிவந்த நம்மவர்கள் இந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஜெகதீஸ்வரனுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் இந்த விசாரிப்பில்தான் கவிழ்ந்தன. கீழ்வீட்டுப் புளோறன்ஸ் அன்ரியின் போன் இலக்கத்தைக் கொடுத்தது அவன் விட்ட பிழை. அந்த மனிசி கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

ஆகவே இந்த முறை யதுர்ஷாவின் தாய் ஞானமலரின் வீட்டு இலக்கத்தைக் கொடுத்தான். ஞானமலருக்கும் பொய் வராதுதான். ஆனால் அவளுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. போனை எடுப்பது மகள். “நான் வருமட்டும் பிள்ளையை ஒருக்கால் எட்டிப் பாருங்கோ” என்று ஞானமலர் கேட்டபோது அவன் பாய்ந்து விழுந்து சம்மதித்தது அதனால்தான்.

அவன் தன் பிளேஸ்டேசன் விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரத்தொடங்கி இரண்டு மாதம். வகுப்பில் ஒருவரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடாத அந்தப் பிள்ளைக்கு அவன் ஒருவன்தான் கூட்டாளி. கார்ப் பந்தயத்தில் சிவப்புக் கார் யாருக்கு என்று தினமும் சண்டை நடக்கும். கோபித்துக்கொண்டு மூலையில் போய் இருப்பவன் பெரும்பாலும் ஜெகதீஸ்வரன்தான்.

போன கிழமை அவள், “கலியாணம் கட்டினாப் பிறகும் வருவீங்களோ?” என்று கேட்டாள். வாய் நிறையப் பீட்சாவோடு, “பிறகு ஏன் வாறன்?” என்றுவிட்டான். இரண்டு நாள் அவள் அவனோடு கதைக்கவில்லை.

ஆனால் இன்று அவளே மேலே ஓடிவந்து, “வாங்கோ, எல்லாத்தையும் ஒருக்காப் பாடமாக்குவம்” என்று கையைப் பிடித்து இழுத்துவந்தாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூட நிறுத்தியிருந்தாள். என்ன பொறுப்பான பிள்ளை என்று அவன் உருகிப்போனான்.

“வயசு?”

“முப்பத்திநாலு.”

“உங்கடை பிறந்தநாள் கேக்கிலை முப்பத்தொன்பது எண்டெல்லோ எழுதியிருந்தது?”

“அது உள்வீட்டு வயசு. வெளியிலை முப்பத்திநாலு.”

“சத்தமாச் சொல்லுங்கோ, மாமா. உண்மையும் வடிவாத் தெரிஞ்சால்தான் மாறிச் சொல்லாமல் இருப்பன். என்ன வேலை?”

“ஹோட்டலிலை மேற்பார்வை.”

“ஆரை மேற்பார்வை செய்யிறீங்கள்?”

“கோப்பை கழுவுற மெசினை.”

“சமைப்பீங்களோ?”

“அருமையாச் சமைப்பார் எண்டு சொல்லு.”

“நீங்கள் தண்ணி விடாமல் முட்டை அவிச்சுத்தானே புகை மணி அடிச்சது? முழுக் கட்டடமும் சப்பாத்தில்லாமல் வெளியிலை சினோப் பனியிலை நிண்டதே.”

“அதை ஏன் இப்ப கிளறுறாய்? அடுத்ததைக் கேள்.”

“பொம்பிளையை உங்களுக்கு ஏன் பிடிச்சிருக்கு?”

“குணத்துக்காக எண்டு சொல்லு.”

“உண்மையா?”

அவன் காலை நீட்டிச் சோபாவில் சாய்ந்தான். “எடியே, மனிசி எண்டு ஒருத்தி வந்தால் சமையல், உடுப்புத் தோய்க்கிறது, வீடு கூட்டுறது ஒண்டும் நான் பாக்கத் தேவையில்லை. பேர்கனிலை மாமனாருக்கு ரெண்டு வீடாம். வேறை என்ன வேணும்?”

யதுர்ஷா தலையணையை நேராக்கி வைத்தாள்.

“கடைசிக் கேள்வி. சின்னப்பிள்ளையளிலை விருப்பமோ?”

“உயிர் எண்டு சொல்லு.”

“உண்மையா?”

அவன் நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். “உண்மையைச் சொன்னால்… முதல் இந்தப் போனுக்காகத்தான் உன்னட்டை வந்தனான். இப்ப இஞ்சை வராட்டில் எனக்குப் பின்னேரமே போகுதில்லை.”

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதை மறைக்கச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“ஏழும் தாண்டிட்டுது. இந்த மனிசன் இன்னும் எடுக்கேல்லையே!”

“நான் உங்களைக் கூப்பிட மேலை வரமுன்னமே எடுத்திட்டார், மாமா.”

யதுர்ஷா தலையணையைத் தூக்கினாள். அடியில் வயரில்லாத போனின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

“அங்கிள், நீங்கள் கேக்கச் சொன்ன எல்லாத்துக்கும் மாமாவே மறுமொழி சொல்லிப்போட்டார். வேறை ஏதும் கேக்கவேணுமோ?”

மறுபக்கம் படாரென்று போனை வைத்த சத்தம் ஜெகதீஸ்வரனுக்கும் கேட்டது.

வாயைத் திறந்தபடி இருந்தவனின் பக்கத்தில் அவள் நெருங்கி உட்கார்ந்து, பிளேஸ்டேசனை முடுக்கினாள்.

“கவலைப்படாதேங்கோ, மாமா. இண்டைக்குச் சிவப்புக் காரை நீங்களே எடுங்கோ.”