கடைசி இரண்டு பக்கம்

தொலைதூரக் கல்வி மாணவர்களின் கட்டுரைகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள் பேராசிரியை. எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தவை. பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

பஸ் டிரைவரான கணவர் டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். போக வேண்டியவர், நின்றார்.

"இது எப்படி?"

"ஆரம்பம் அமர்க்களம். கடைசி ரெண்டு பக்கம் ஏனோதானோன்னு இருக்கு. பெயில்தான்."

"பாவம், வேலைக்குப் போயிட்டு வந்து படிக்கிற ஆளா இருக்கும். பார்த்துப் போடேன்."

"இங்க எல்லாருமே அப்படித்தாங்க. இவருக்குக் கவனமே இல்லை, அவ்வளவுதான்."

"கவனம் இல்லையா? ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து நல்லாத்தான் வந்துட்டிருந்தது. நீதான் 'சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க'ன்னு உயிரை வாங்கினே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கறீங்கன்னுல்ல நினைச்சேன்!"

அந்தக் கட்டுரையை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

"இதை வேற ஆள் திருத்தட்டும். அடுத்ததை எழுதறப்போ முன்னாடியே சொல்லுங்க, சாப்பாட்டை மூடி வெச்சுடறேன்."